உடையவனா, தர்மகர்த்தாவா?
ஐரோப்பாவில் அரசும் உரிமையும் பற்றிய எண்ணம் மாறிய கதை

1649 ஜனவரி 20. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ல்ஸ் குற்றவாளிக்கெனப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தலையில் தொப்பி. அதைக் கழற்ற மறுத்துவிட்டார். தன்னை விசாரிக்கத் தகுதியுள்ளவர் எவரும் அங்கே இல்லை என்று அதற்குப் பொருள். வழக்கறிஞர் ஜான் குக் குற்றப்பத்திரிகையைப் படிக்கத் தொடங்குகிறார். சற்றுப் பொறு என்பதுபோல் மன்னர் கைத்தடியால் அவர் தோளைத் தட்டுகிறார். தட்டிய வேகத்தில் தடியின் வெள்ளிப் பூண் கழன்று தரையில் உருள்கிறது. யாராவது எடுத்துக் கொடுப்பார்கள் என்று மன்னர் காத்திருக்கிறார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவரே குனிந்து எடுத்துக்கொள்கிறார்.

குற்றச்சாட்டுக்கு அவர் பதில் சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்: எந்த அதிகாரத்தின் பேரில் என்னை இங்கே கொண்டுவந்தீர்கள்? தலைமை தாங்கிய ஜான் பிராட்ஷா, கொலை முயற்சிக்கு அஞ்சி இரும்புத் தகடு பதித்த தொப்பி அணிந்திருந்தவர், இங்கிலாந்து மக்களின் பேரால் என்றார். மக்களின் பேரால் என்ற அந்தச் சொல்லை எதிர்த்து, விசாரணையின்போது மேல்மாடத்திலிருந்து, முகத்தை மறைத்திருந்த ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. அந்த மக்களில் கால்வாசிப் பேர்கூட இதற்கு ஒப்பவில்லை என்றது அது. காவலர்கள் துப்பாக்கியை மாடத்தை நோக்கித் திருப்பினார்கள். குரல் கொடுத்தவர் நாடாளுமன்றப் படைத் தளபதி ஃபேர்ஃபாக்ஸின் மனைவி.

எந்த அதிகாரத்தில்? எந்த மக்களின் பேரால்? பதினாறாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை ஐரோப்பியத் தத்துவவாதிகள் அரசைப் பற்றி எழுதியவற்றில் பெரும்பகுதியை இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம். முதல் கேள்விக்கு அவர்கள் துணிச்சலாகப் பதில் தேடினார்கள். இரண்டாவதை நெருங்கும்போது பலர் தயங்கினார்கள்.

சார்ல்ஸின் மீதான குற்றப்பத்திரிகையிலேயே அந்தப் புதிய எண்ணம் இருந்தது. ஆளும் அதிகாரம் அவருக்கு நம்பி ஒப்படைக்கப்பட்டது, அதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையை அவர் மீறினார் என்றது அது. நம் ஊர் வழக்கில் சொன்னால் வேறுபாடு எளிது. கோயில் நிலத்தைத் தர்மகர்த்தா நிர்வகிப்பார், குத்தகைக்கு விடுவார், நெல்லை அளந்து வாங்குவார். ஆனால் நிலம் அவருடையதல்ல. கணக்குக் காட்டியாக வேண்டும். உடையவன் யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. நம் கல்வெட்டுகள் அரசனை ‘உடையார்’ என்றே அழைக்கின்றன. ஐரோப்பாவிலும் மன்னன் தன்னை உடையவன் என்றே எண்ணியிருந்தான். அவனைத் தர்மகர்த்தா ஆக்கியதுதான் இந்த இருநூற்றைம்பது ஆண்டுச் சிந்தனையின் வேலை.

ஆதாமின் வாரிசுகள்

சார்ல்ஸ் அன்று பேசியது வெறும் வீம்பு அல்ல. வீட்டில் கற்ற பாடம். அவர் தந்தை ஜேம்ஸ், ஸ்காட்லாந்தை மட்டும் ஆண்ட காலத்திலேயே, 1598-இல், முடியாட்சி பற்றி நூல் எழுதியவர். மன்னன் கடவுளுக்கு மட்டுமே கணக்குச் சொல்ல வேண்டியவன் என்பது அதன் சாரம். கென்ட் பகுதியைச் சேர்ந்த சர் ராபர்ட் ஃபில்மர் இதற்கு ஒரு வம்சாவளியே எழுதினார். கடவுள் ஆதாமுக்கு உலகின் மீது ஆட்சியைக் கொடுத்தார். அது தந்தைவழியாக இறங்கி மன்னர்களிடம் வந்தது. எனவே குடிகள் பிள்ளைகள், மன்னன் தகப்பன். பிள்ளை தகப்பனைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால் குடிகளும் மன்னனைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஃபில்மர் 1653-இல் இறந்தார். அவருடைய ‘பேட்ரியார்க்கா’ 1680-இல்தான் அச்சேறியது.

இதைக் கொண்டு, புதிய எண்ணம் வருவதற்கு முன்பு மன்னர்கள் கேட்பாரற்று ஆண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1215-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் மன்னர் ஜானிடம் மேக்னா கார்ட்டாவைப் பெற்றார்கள். நகரங்களும் கைவினைஞர் சங்கங்களும் மடங்களும் தத்தமக்கென்று பட்டயங்கள் வைத்திருந்தன. ஆனால் அவை குறிப்பிட்ட குழுக்கள் பெற்ற சலுகைகள். பட்டயம் உள்ளவன் காட்டலாம். பட்டயம் இல்லாத மனிதன், மனிதன் என்பதற்காகவே கேட்கக்கூடியது மிகக் குறைவு.

இந்த ஏற்பாட்டை உடைத்தது மதப்போர். 1572 ஆகஸ்டில் பாரிஸில் புனித பர்த்தலோமியு திருநாளையொட்டி புராட்டஸ்டண்டுகள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். படுகொலை மற்ற நகரங்களுக்கும் பரவியது. அதிலிருந்து இரண்டு எதிரெதிரான நூல்கள் பிறந்தன. 1576-இல் ழான் போதான், ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் செய்யும் இறுதி அதிகாரம் ஒரே இடத்தில், பிரிக்க முடியாததாக இருந்தாக வேண்டும், இல்லையேல் மதச்சண்டை ஓயாது என்று எழுதினார். இறையாண்மை என்று இன்று நாம் சொல்லும் கருத்துக்கு முழு வடிவம் அவர் கொடுத்தது. அப்படிப்பட்ட மன்னனும் குடிகளின் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் சொத்தில் கைவைக்கக் கூடாது என்பதையும் அவரே சேர்த்துக்கொண்டார். மூன்றாண்டு கழித்து, 1579-இல், பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகளின் தரப்பிலிருந்து புனைபெயரில் ஒரு லத்தீன் நூல் வந்தது. மன்னன் மக்களோடு உடன்படிக்கை செய்தவன், அதை முறித்தால் எதிர்க்கலாம் என்றது. யார் எதிர்க்கலாம்? பிரபுக்களும் அதிகாரிகளும். தனி மனிதனுக்கு அதில் இடமில்லை. கதவைத் திறந்த கையே குறுக்கே கட்டையையும் வைப்பது இந்த வரலாறு முழுக்க மீண்டும் மீண்டும் நடக்கும்.

உரிமை என்ற சொல்

தமிழில் ‘உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்’ என்று யாரிடம் சொல்வோம்? நெருங்கியவரிடம். மாமன் மகள் மீது அத்தை மகனுக்கு உரிமை. தாய்மாமனுக்குச் சீர் செய்யும் உரிமை. பழைய உரிமை உறவிலிருந்து பிறப்பது. எந்த உறவும் இல்லாத ஒரு அரசு அலுவலரிடம் போய் ‘இது என் உரிமை’ என்று சொல்வது நம் மொழியிலும் பிற்காலப் பழக்கம்.

ஐரோப்பியச் சட்டமொழியான லத்தீனிலும் இதைப்போல ஒரு நகர்வு நிகழ்ந்தது. ‘யூஸ்’ என்ற சொல் முதலில் நீதியான ஒழுங்கை, அவரவருக்குச் சேர வேண்டிய பங்கைக் குறித்தது. பிறகு ஒருவன் தன் கையில் வைத்திருக்கும் அதிகாரத்தையும் குறிக்கலாயிற்று. எப்போது குறித்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய வழக்கே நடக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் திருச்சபைச் சட்ட அறிஞர்களிடமே அது இருக்கிறது என்று காட்டினார் பிரையன் டியர்னி. அது உண்மையென்றால், நவீனத் தத்துவவாதிகள் உரிமையைக் கண்டுபிடிக்கவில்லை. வேறொருவர் வெட்டிய கிணற்றில் ஏற்றம் கட்டி இறைத்தார்கள்.

சலமான்கா பல்கலைக்கழக இறையியலாளர் பிரான்சிஸ்கோ டி வித்தோரியா 1539-இல் ஆற்றிய விரிவுரை அந்த ஏற்றத்துக்கு நல்ல சாட்சி. ஸ்பானியர் அமெரிக்காவைப் பிடித்திருந்த நேரம் அது. அங்கே வாழ்ந்தவர்கள் கிறிஸ்தவர் அல்லர் என்பதாலேயே அவர்கள் நிலம் அவர்களுடையது அல்லாமல் போகாது என்றார் அவர். ஆனால் அதே விரிவுரையில் ஸ்பானியர் போர் தொடுக்கப் பொருத்தமான காரணங்களையும் வரிசைப்படுத்தினார்.

டச்சு அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸிடம் இந்த இரட்டைத்தன்மை இன்னும் கூர்மையானது. 1603-இல் சிங்கப்பூர் அருகே ஒரு போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். அது நியாயமே என்று வாதாடித் தர டச்சுக் கிழக்கிந்திய கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. குரோஷியஸ் எழுதினார். அதன் ஒரு பகுதி 1609-இல் கடல் எல்லாருக்கும் பொது என்று வாதிடும் நூலாக வெளிவந்தது. கீழைத் தீவுகளில் முன்பே மன்னர்களும் சட்டங்களும் உண்டு, எனவே அவை போர்த்துக்கீசியருக்குச் சொந்தமாக முடியாது என்று அதில் வாதிட்டார். நியாயமான வாதம், கம்பெனிக்கு இலாபமான வாதமும்கூட.

பிறகு உள்நாட்டு அரசியலில் மாட்டி ஆயுள் சிறை பெற்றார். 1621-இல், புத்தகம் கொண்டுவரும் மரப்பெட்டிக்குள் மனைவி அவரை மடக்கிப் படுக்கவைத்துக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார். நான்காண்டு கழித்து போரும் சமாதானமும் பற்றிய அவருடைய பெருநூல் வந்தது. உரிமை என்பது ஒரு மனிதனிடம் உள்ள தகுதி. அவன் அதை வைத்திருக்கலாம், கோரலாம் என்று அதில் வரையறுத்தார். வைத்திருப்பதை விற்கவும் செய்யலாம் அல்லவா? ஒரு மனிதன் தன்னையே அடிமையாக விற்கலாம் என்றால் ஒரு மக்கள் கூட்டமும் தன்னை முழுதாக ஒரு மன்னனிடம் ஒப்படைக்கலாம் என்றார் குரோஷியஸ். உரிமையைச் சொத்துபோல் எண்ணியதில் வந்த வினை அது. அடுத்து வந்தவர்கள் இந்த முடிச்சோடுதான் போராட வேண்டியிருந்தது.

புட்னி தேவாலயத்தில்

தத்துவவாதிகள் மட்டுமே இதைச் சிந்தித்தார்கள் என்றால் கதை அரைகுறையாகிவிடும். 1647 அக்டோபர் 28 அன்று, லண்டனுக்கு வெளியே புட்னியில் புனித மேரி தேவாலயத்தில் நாடாளுமன்றப் படையின் அதிகாரிகளும் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் கூடினார்கள். உள்நாட்டுப் போரில் மன்னரைத் தோற்கடித்தாயிற்று. இனி நாட்டை எப்படி நடத்துவது என்பது பேச்சு.

விவாதம் வாக்குரிமையில் வந்து முட்டியது. கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ எழுந்து, நாட்டின் மிகப் பெரிய மனிதனுக்கு வாழ ஒரு வாழ்க்கை இருப்பதுபோல் மிக ஏழைக்கும் இருக்கிறது, ஆகவே தன் ஒப்புதல் இல்லாத அரசுக்கு ஏழை கட்டுப்பட்டவன் அல்லன் என்று வாதிட்டார். படைத் தலைவர் குரோம்வெல்லின் மருமகன் ஐர்ட்டன் மறுத்தார். நாட்டில் நிலைத்த சொத்து உள்ளவனுக்கே அதன் காரியத்தில் குரல் இருக்க முடியும். இல்லையென்றால் பெரும்பான்மையாக உள்ள சொத்தில்லாதவர்கள் கூடி மற்றவர் சொத்தையே பறித்துவிடுவார்கள் என்பது அவர் அச்சம். சொத்தில்லாச் சிப்பாய்கள், அப்படியானால் நாங்கள் எதற்காகச் சண்டை போட்டோம் என்று கேட்டார்கள்.

இதெல்லாம் நமக்குத் தெரிவது வில்லியம் கிளார்க் என்ற செயலரின் சுருக்கெழுத்தால். அவருடைய தாள்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அச்சேறாமல் கிடந்தன, கடைசியில் ஆக்ஸ்போர்டின் வூஸ்டர் கல்லூரி நூலகத்தில். வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் ஃபெர்த் அவற்றை 1891-இல்தான் பதிப்பித்தார். ஆக, பின்னால் வரப்போகும் தத்துவவாதிகள் லாக்கும் ரூசோவும் அந்தப் பேச்சைப் படித்து எழுதவில்லை. சிப்பாய்களும் தத்துவவாதிகளும் தனித்தனியாக ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள். மன்னன் தலையை எடுக்கும் அளவுக்குப் போன நாட்டில் அந்தக் கேள்வி காற்றிலேயே இருந்தது.

அச்சத்திலிருந்து அரசு

மன்னர் விசாரிக்கப்பட்டபோது தாமஸ் ஹாப்ஸ் பாரிஸில் அகதி. சார்ல்ஸின் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தவர். 1651-இல் வெளிவந்த அவருடைய ‘லெவியத்தான்’ நூலின் முகப்புப் படத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். மலைகளுக்குப் பின்னாலிருந்து முடிசூடிய ஒரு பேருருவம் எழுகிறது. ஒரு கையில் வாள், மறு கையில் ஆயரின் செங்கோல். தொலைவிலிருந்து பார்த்தால் உடம்பில் கவசம் அணிந்ததுபோல் தெரியும். கிட்டப் போனால் அது கவசமல்ல. நெருக்கியடித்து நிற்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிறு மனிதர்கள். எல்லாரும் நமக்கு முதுகைக் காட்டி அந்த முகத்தையே பார்த்து நிற்கிறார்கள். கீழே நகரத் தெருக்கள் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கின்றன.

ஹாப்ஸின் வாதம் முழுதும் அந்தப் படத்தில் இருக்கிறது. மன்னனுக்குத் தனியாக உடம்பே இல்லை. குடிகள் சேர்ந்ததுதான் அவன் உடம்பு. ஆதாமும் வேண்டாம், வம்சாவளியும் வேண்டாம். இயற்கை நிலையில் எல்லாரும் சமம். ஏனென்றால் மிகப் பலவீனமானவனும் தூங்கும் பலசாலியைக் கொன்றுவிட முடியும். அந்தச் சமத்துவம் தரும் அச்சத்திலிருந்து தப்பிக்க எல்லாரும் தம்மை ஒருவனிடமோ ஒரு அவையிடமோ ஒப்படைக்கிறார்கள். ஒப்படைத்தபின் கணக்குக் கேட்க முடியாது. ஆனால் உயிரைக் காக்கும் உரிமையை மட்டும் எவனும் கைமாற்ற முடியாது. தூக்குமேடைக்கு இழுத்துச் செல்லப்படுபவன் திமிறலாம். காப்பாற்ற முடியாத அரசுக்குக் கீழ்ப்படியவும் வேண்டாம்.

முடிவு மன்னருக்குச் சாதகம், காரணம் பாதகம். அதனால் அரச கட்சிக்கும் அவரைப் பிடிக்கவில்லை. 1683-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் பொது இடத்தில் எரித்த நூல்களில் அவருடையவையும் இருந்தன. மன்னனின் முழு அதிகாரத்தை ஆதரித்த நூலை மன்னனின் விசுவாசிகள் எரித்தார்கள். அதிகாரம் மேலிருந்து இறங்கியது அன்று, கீழிருந்து ஏறியது என்று சொன்னது அவர்களுக்குப் போதுமான குற்றம்.

ஹாலந்தில் ஸ்பினோசா அதே தளவாடங்களைக் கொண்டு வேறு வீடு கட்டினார். யூத சமூகத்திலிருந்து 1656-இல் விலக்கப்பட்டவர் அவர். 1670-இல் பெயர் போடாமல், அச்சிட்ட ஊர் ஹாம்பர்க் என்று பொய்யாகப் போட்டு, மதமும் அரசும் பற்றிய நூலை வெளியிட்டார். எண்ணத்தை எந்த அரசாலும் அடக்க முடியாது, அடக்க முயன்றால் கேடு அரசுக்குத்தான், அரசின் நோக்கமே சுதந்திரம் என்றார். 1674-இல் நூல் தடைசெய்யப்பட்டது. நவீனச் சிந்தனையின் மைய ஊற்று லாக் அல்ல, ஸ்பினோசாதான் என்கிறார் வரலாற்றாசிரியர் ஜோனதன் இஸ்ரேல். ஆயினும் அரசியல் பற்றிய தன் கடைசி நூலில் ஸ்பினோசாவும் பெண்களையும் வேலைக்காரர்களையும் ஆட்சிக்கு வெளியே நிறுத்தினார்.

ஒரு கையெழுத்துப் பிரதியின் விலை

1683 டிசம்பரில் அல்ஜெர்னான் சிட்னி என்ற பிரபு குடும்பத்தவர் லண்டனில் தலை வெட்டப்பட்டார். அரசத் துரோக வழக்குக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், கிடைத்தது ஒருவர்தான். சிட்னியின் மேசையில் கிடந்த, அச்சேறாத கையெழுத்துப் பிரதியை இரண்டாம் சாட்சியாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. எழுதுவதே செயல் என்பது நீதிபதியின் விளக்கம். அந்தப் பிரதியும் ஃபில்மருக்கு மறுப்புதான்.

அதே ஆண்டில் ஜான் லாக் ஹாலந்துக்குத் தப்பினார். அவரிடமும் ஃபில்மருக்கு ஒரு மறுப்பு இருந்தது. 1688-இல் புரட்சியால் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடிய பிறகே அவர் திரும்பினார். ‘அரசு பற்றிய இரு ஆய்வுரைகள்’ 1689-இன் இறுதியில் பெயரின்றி வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் 1690 என்று போட்டிருந்தது. தானே ஆசிரியர் என்பதை லாக் 1704-இல், இறக்கும் தறுவாயில், உயிலின் பின்னிணைப்பில்தான் ஒப்புக்கொண்டார். அந்தப் புரட்சிக்கு நியாயம் கற்பிக்க எழுதிய நூல் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. பீட்டர் லாஸ்லெட் கையெழுத்துப் பிரதிகளையும் நூலக ஆதாரங்களையும் துருவி, பெரும்பகுதி புரட்சிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது என்று காட்டினார். சிட்னியின் கதியை நினைத்தால் லாக்கின் மௌனம் புரியும்.

முதல் ஆய்வுரை ஃபில்மரின் வம்சாவளியை ஒவ்வொரு கணுவாக வெட்டுகிறது. தந்தையைக் கனம் பண்ணு என்று கட்டளையை ஃபில்மர் காட்டினால், அந்தக் கட்டளை தாயையும் சேர்த்துத்தானே சொல்கிறது, தாயை எங்கே விட்டீர் என்று கேட்கிறார் லாக். இரண்டாவது ஆய்வுரையில்தான் தர்மகர்த்தா முழு உருவில் வருகிறார். உயிரும் சுதந்திரமும் உடைமையும் அரசு தந்தவை அல்ல. அவை முன்பே இருந்தன. அவற்றைக் காப்பதற்காகவே மனிதர்கள் அரசை அமைத்தார்கள். அதிகாரம் நம்பிக்கையின் பேரில் கொடுத்தது. நம்பிக்கையை முறித்தால் அதிகாரம் கொடுத்தவர்களிடமே திரும்பிவிடும். முறித்தானா என்பதற்கு யார் நீதிபதி? கொடுத்தவர்களே. குரோஷியஸ் போட்ட முடிச்சையும் லாக் இங்கே அவிழ்க்கிறார்: தன் உயிரின் மீதே முழு அதிகாரம் இல்லாத மனிதன் அதைப் பிறனுக்கு விற்க முடியாது.

படி தாண்டாதவர்கள்

அதே லாக், 1669-இல் கரோலினா குடியேற்றத்துக்கான அடிப்படைச் சட்டம் எழுதப்பட்டபோது அதன் உரிமையாளர்களுக்குச் செயலராக இருந்தார். கறுப்பின அடிமைகளின் மீது எசமானனுக்கு முழு அதிகாரம் என்கிறது அந்தச் சட்டம். ஆப்பிரிக்க அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவருக்குப் பங்கும் இருந்தது. மத சகிப்புக்காக வாதாடிய அவருடைய கடிதம், நாத்திகருக்கும் வேற்று அரசின் தலைமைக்கு விசுவாசம் காட்டும் மதத்தாருக்கும் சகிப்பைத் தர மறுத்தது. உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் என்ற அவர் கோட்பாடு அமெரிக்கப் பழங்குடிகளின் வேட்டைக் காடுகளைத் தரிசு ஆக்கிவிட்டது. உழைப்பைப் பற்றிச் சொல்லும் இடத்திலேயே, வேலைக்காரன் வெட்டிய புல்தரையை அவர் எசமானன் கணக்கில் எழுதுகிறார். இதைப் பிடித்துக்கொண்டு சி. பி. மக்ஃபெர்சன் 1962-இல், ஹாப்ஸும் லாக்கும் விற்கவும் வாங்கவும் தெரிந்த ஒரு சந்தை மனிதனுக்குத்தான் உரிமை எழுதினார்கள் என்று வாதிட்டார். அது மிகைதான், அந்தப் புல்தரையைத் தாண்டி லாக்கிடம் வேறு நிறைய உண்டு. ஆனால் அவரைப் படித்தவர் எவரும் அந்த வரியை மறந்துவிட முடியாது.

இந்தப் படியைத் தாண்ட முதலில் முயன்றவர்களில் ஒருவர் மேரி ஆஸ்டெல். மன்னராட்சியை ஆதரித்த பழமைவாதி அவர். திருமணம் பற்றிய தன் நூலுக்கு 1706-இல் எழுதிய முன்னுரையில் லாக்கின் கட்சிக்காரர்களை அவர்கள் வாதத்தாலேயே மடக்கினார். ஆண்கள் எல்லாரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றால் பெண்கள் மட்டும் எப்படி அடிமைகளாகப் பிறக்கிறார்கள்? நாட்டில் தாங்க முடியாத தனியாட்சி வீட்டில் மட்டும் எப்படித் தாங்கத்தக்கதாகிறது? புதிய கோட்பாட்டின் பெரிய ஓட்டையைக் கண்டவர் அதன் எதிரி.

எரிந்த நூல்களும் சித்திரவதைக் கூடமும்

பதினெட்டாம் நூற்றாண்டில் விவாதம் பிரான்சுக்குப் போனபோது கேள்வி சற்று மாறியது. தர்மகர்த்தா நல்லவர் என்று எப்படி நம்புவது? நம்ப வேண்டாம், பூட்டுக்கு மூன்று சாவி செய்து மூவரிடம் கொடுங்கள் என்றார் மான்டெஸ்கியூ. போர்டோ நீதிமன்றத்தில் பரம்பரைப் பதவி வகித்து அதை விற்றுவிட்டவர், இங்கிலாந்தில் தங்கி ஆட்சிமுறையைப் பார்த்தவர். 1748-இல் வந்த அவருடைய ‘சட்டங்களின் உட்பொருள்’, சட்டம் செய்பவர், நிறைவேற்றுபவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் ஒருவராக இருந்தால் சுதந்திரம் இல்லை என்றது.

1762 மார்ச்சில் துலூஸ் நகரத் துணி வணிகர் ழான் கலாஸ் சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொல்லப்பட்டார். புராட்டஸ்டண்டான அவர், கத்தோலிக்கனாக மாறவிருந்த தன் மகனைக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. வால்டேர் வழக்கைக் கையில் எடுத்தார்; கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். மூன்றாண்டில் கலாஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பு வந்தது. 1764-இல் மிலானைச் சேர்ந்த இருபத்தாறு வயது செசாரே பெக்கரியா சித்திரவதைக்கும் மரண தண்டனைக்கும் எதிராக ஒரு சிறு நூல் எழுதினார். 1786-இல் டஸ்கனி மரண தண்டனையை ஒழித்தது. மற்றவர் உடம்பின் வலியைத் தன் வலியாக உணரும் பழக்கம் இந்தக் காலத்தில் நாவல் வாசிப்பால் பரவியது, உரிமை எண்ணம் அதன்மேல்தான் வேர்விட்டது என்கிறார் லின் ஹன்ட். நிரூபிக்கக் கடினமான வாதம். ஆனால் தத்துவ நூல்கள் மட்டும் மனதை மாற்றவில்லை என்பதை அது நினைவூட்டுகிறது.

கலாஸ் கொல்லப்பட்ட அதே 1762-இல் ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ வந்தது. அவர் பிறந்த ஜெனீவாவே அதை எரித்தது. ரூசோவுக்குத் தர்மகர்த்தா ஏற்பாடே பிடிக்கவில்லை. ஊரார் தம் அதிகாரத்தை எவருக்கும் ஒப்படைக்கக் கூடாது. சட்டம் செய்வது அவர்களே, அரசாங்கம் அவர்களின் ஏவலாள் மட்டும். ஆனால் பொது விருப்புக்கு உடன்படாதவனை உடன்படச் செய்வது அவனைச் சுதந்திரமாக்குவதே என்றும் எழுதினார். தர்மகர்த்தாவிடமிருந்து தப்பித்தவன் ஊராரிடமிருந்து எப்படித் தப்புவான் என்ற கேள்வியை அவர் விட்டுச் சென்றார்.

தூக்கத்தில் கப்பல் ஏறியவன்

ஒப்பந்தம் என்ற கதையையே நம்பாதவர்களும் இருந்தார்கள். எந்த நாட்டில், எந்த நாளில், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று 1748-இல் கேட்டார் டேவிட் ஹியூம். நாட்டில் தங்கியிருப்பதே மௌனச் சம்மதம் என்றார்கள் லாக்கின் கட்சியினர். வேறு மொழி தெரியாத, கைக்காசு இல்லாத ஒரு ஏழை விவசாயி நாட்டைவிட்டுப் போக முடியுமா? தூங்கும்போது கப்பலில் தூக்கிப் போடப்பட்டவன், கடலில் குதிக்காமல் இருப்பதாலேயே மாலுமிக்குச் சம்மதம் சொன்னவன் ஆவானா? இதற்கு இன்றுவரை யாரும் நல்ல பதில் சொல்லவில்லை. ஆனால் ஹியூமின் கணை ஒப்பந்தத்தைத் தைத்ததே தவிர, கணக்குக் கேட்பதைத் தைக்கவில்லை. தர்மகர்த்தாவை யார் நியமித்தார் என்ற ஏடு தொலைந்திருக்கலாம். அதனால் கோயில் அவருடையதாகிவிடாது.

ஏட்டிலிருந்து பிரகடனத்துக்கு

1776 ஜூலையில் அமெரிக்கக் குடியேற்றங்கள் தத்துவவாதிகளின் வாதத்தை அரசாவணம் ஆக்கின. அந்தச் சுதந்திரப் பிரகடனத்துக்கு ஜெஃபர்சன் எழுதிய வரைவில் அடிமை வணிகத்தைக் கண்டித்து ஒரு பத்தி இருந்தது. மாநாடு அதை வெட்டிவிட்டது. வரைந்தவரோ வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர். 1789 ஆகஸ்ட் 26 அன்று பிரெஞ்சுத் தேசிய அவை 17 பிரிவுகளில் மனிதனுடையதும் குடிமகனுடையதுமான உரிமைகளை அறிவித்தது.

அந்த இரண்டு சொற்களிலும் யார் அடங்குவர்? 1791-இல் ஒலிம்ப் டி கூழ் அந்தப் பதினேழையும் பெண்பாலில் திருப்பி எழுதினார். தூக்குமேடை ஏறும் உரிமை பெண்ணுக்கு உண்டென்றால் பேச்சுமேடை ஏறும் உரிமையும் உண்டு என்று அதில் வாதிட்டார். 1793 நவம்பர் 3 அன்று அவர் முதலாவதை மட்டும் பெற்றார். 1791 ஆகஸ்டில் கரீபியக் கடலில் பிரான்சின் பொன்முட்டையிடும் வாத்தாக இருந்த செயின்ட் டொமிங்கில் அடிமைகள் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். 1794 பிப்ரவரியில் பிரெஞ்சு அவை அடிமைமுறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் மீட்டெடுத்தார். 1804 ஜனவரி 1 அன்று செயின்ட் டொமிங் ஹைட்டி என்ற தனி நாடாயிற்று. லாக்கும் மான்டெஸ்கியூவும் எழுதாத முடிவுரையை எழுதியவர்கள் இவர்கள். வாதத்தை உருவாக்கியவர்கள் நிறுத்திய இடத்தில் நிற்க, அந்த வாதத்துக்கே தெரியவில்லை.

அதே மண்டபம்

பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு கொதித்தவர் எட்மண்ட் பர்க். இயற்கை உரிமை என்ற பொதுப்பேச்சே ஆபத்து, உரிமை என்பது முன்னோர் வழி வந்த சொத்து என்று 1790-இல் எழுதினார். ஆனால் அதற்கு ஏழாண்டு முன், 1783-இல், கிழக்கிந்திய கம்பெனி பற்றிய மசோதாவுக்காக அவர் நாடாளுமன்றத்தில் பேசியது வேறு. மனிதர் மீது எவருக்குள்ள எந்த அதிகாரமும் நம்பி ஒப்படைத்ததே, ஒப்படைத்ததற்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும், கம்பெனிக்கும் அதுவே சட்டம் என்றார்.

1785 பிப்ரவரி 28 அன்று அவர் பேசியது நம் ஊர்க் கதை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடம் கடுவட்டிக்குக் கடன் வாங்கியிருந்தார். கடனுக்கு ஈடாக நிலவரி அவர்கள் கைக்குப் போனது. அந்தக் கடன்களை விசாரணையின்றி அங்கீகரித்த அரசுக்கு எதிரான தீர்மானத்தை ஆதரித்து எழுந்த பர்க், நம் ஏரிகளைப் பற்றிப் பேசினார். அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுப் பகுதியின் நிலப்படம் ஒன்றை விரித்து, அதில் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட ஏரி குளங்களைத் தானே எண்ணியதாகச் சொன்னார். தமக்குப் பின் வருவோருக்கென்று அவற்றை வெட்டியவர்களே உண்மையான அரசர்கள் என்றார். கரை உடைந்து கிடப்பதற்குக் கடன் கொடுத்தவர்களிடம் கணக்குக் கேட்டார். தீர்மானம் தோற்றது.

1788 பிப்ரவரியில் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை தொடங்கியது. இடம், சார்ல்ஸின் தடிப்பூண் உருண்ட அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். இந்திய மக்களின் பேராலும் குற்றஞ்சாட்டுவதாக பர்க் முழங்கினார். கேட்பதற்குக் கூட்டம் முண்டியடித்தது. ஏழாண்டு இழுத்து 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். உடையவனைத் தர்மகர்த்தா ஆக்கும் எண்ணம் 139 ஆண்டுகளில் அவ்வளவு தூரம் பயணித்திருந்தது: மன்னனுக்கு எதிராகப் பிறந்த கேள்வி, கடல் கடந்து ஆண்ட ஒரு வணிகக் கம்பெனியையும் பிடித்துக்கொண்டது.

ஆனால் யாருடைய பேரால் அந்த வழக்கு நடந்ததோ அவர்களில் ஒருவரிடமும் எவரும் சம்மதம் கேட்கவில்லை. மேல்மாடத்திலிருந்து அதைக் கேட்க அன்று அங்கே முகம் மறைத்த பெண் ஒருத்தியும் இல்லை.